ஜென்டில் ஜயன்ட் தலைவலி தருகிறது, வான் டெர் கிராஃப் பிடிக்கிறது: என் காதில் குறையா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஓர் ஒப்பீடு. ஜென்டில் ஜயன்ட், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், இந்த இரண்டு பழைய ஆங்கிலேயப் புரோகிரசிவ் ராக் (சாதாரண ராக்கைவிடச் சிக்கலாகக் கட்டப்பட்ட இசை) குழுக்களில் எது உசத்தி? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உங்களோடு அறையில் தங்கியிருக்கும் நண்பர் ஜயன்ட் பக்தர். அவர் போட்டுக் காட்டிய மூன்று ஆல்பமும் உங்களுக்குத் தலைவலியைத்தான் கொடுத்தன. வான் டெர் கிராஃப் முதல் தடவையிலேயே உங்களைப் பிடித்துக்கொண்டது. நண்பரோ "ஒரு ஆள் கத்துவதை எவ்வளவு நேரம்தான் கேட்பது" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் நீங்கள் கடைசி வரியில் எழுதியதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "எனக்குச் சங்கீத அறிவு போதவில்லையா?" அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பினாங்கில் 28 வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன், பாடற்குழுவையும் நான்தான் பழக்குகிறேன். சிறு வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றதோடு சரி, அது கைக்கு வரவில்லை, கணக்கு மட்டும் தலையில் தங்கியது. இந்த இரண்டு குழுக்களையும் நான் மேடையில் பார்த்ததில்லை. லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில் இரண்டு வெள்ளிக்கும் மூன்று வெள்ளிக்கும் வாங்கிய கேசட்டிலும் இசைத்தட்டிலும் கேட்டு வளர்ந்தவன். ஆகவே இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நான் சொல்வதை நம்பலாம், அதைத் தினமும் கையால் செய்கிறேன். யாருக்கு ஏன் பிடிக்கிறது என்று சொல்லும் இடங்கள் என் ஊகம். ஊகம் வரும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தலைவலி கொடுத்தவர்கள். டெரெக், ரே, ஃபில் என்ற ஷுல்மன் சகோதரர்கள் மூவரும் 60-களில் சைமன் டூப்ரீ அண்ட் தி பிக் சவுண்ட் என்ற பெயரில் ஒரு பாப் குழு நடத்தினார்கள். 1967-இல் ஒரு பாட்டு நன்றாக ஓடியது. அந்த வெற்றியே அவர்களுக்குக் கசந்துபோய், அதைக் கலைத்துவிட்டு 1970-இல் ஜென்டில் ஜயன்டைத் தொடங்கினார்கள். லண்டன் ராயல் அகாடமியில் இசையமைப்பு படித்த கெரி மின்னியர் வந்து சேர்ந்தார், ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த கேரி கிரீன் கிட்டாருக்கு வந்தார். இரண்டாவது ஆல்பத்தின் உறையிலேயே, மக்களுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, சமகால ஜனரஞ்சக இசையின் எல்லையைத் தள்ளிப் பார்ப்பதே எங்கள் நோக்கம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை பிரபலமாகிப் பார்த்தவர்கள், அது வேண்டாம் என்று தெரிந்தே எழுதியது அது.

அவர்கள் செய்வது என்ன என்பதை ஒரே பாட்டில் காட்டுகிறேன். 1975-இல் வந்த 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு விரல் சொடுக்கில் தொடங்கும். நீங்களும் கூடவே சொடுக்குங்கள். சுலபமாகத்தான் இருக்கும். அப்புறம் கீபோர்டு உள்ளே வரும், வந்த உடனே உங்கள் சொடுக்கு தப்பான இடத்தில் விழுவதுபோல் தோன்றும். நீங்கள் தப்பு செய்யவில்லை. சொடுக்கு ஒரு கணக்கில் போகிறது, கீபோர்டு வேறொரு கணக்கில் போகிறது, இரண்டும் ஓரிடத்தில் போய்ச் சேரும். மிருதங்க வகுப்பில் கையில் ஒரு தாளம் போட்டுக்கொண்டே வாயால் வேறு நடையில் சொற்கட்டு சொல்லச் சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. கையை விடாமல் பிடித்துக்கொண்டவருக்கு அது இன்பம். கை எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு அது தலைவலி. ஜயன்டின் பிரச்சினை முழுதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. பாட்டின் மெட்டை ஒரே ஆளிடம் விட்டுவைக்க மாட்டார்கள். பாதி கிட்டாரில், கால்வாசி வயலினில், மிச்சம் பாட்டுக்காரர் வாயில். 'நாட்ஸ்' என்ற பாட்டில் ஒரு வாக்கியத்தின் சொற்களையே நாலு குரலும் பங்குபோட்டுக்கொள்ளும். இது அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ஐரோப்பாவில் 13-ஆம், 14-ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பாட்டிலேயே ஹாக்கெட் என்ற பெயரில் இருந்த முறைதான்.

இதை ஒருமுறை என் பாடற்குழுப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தேன். அதே ஆல்பத்தில் 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' என்று ஒரு பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு குரல் தொடங்கும், கொஞ்சம் தள்ளி இரண்டாவது குரல் அதே மெட்டோடு நுழையும், பிறகு மூன்றாவது, நான்காவது. காதால் கேட்டு எழுதி எடுக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரை நிறுத்தினேன். இரண்டாவது குரல் நுழைந்த உடனே முதல் குரல் தடுமாறி, அவள் மெட்டை விட்டுவிட்டு இவன் மெட்டுக்குத் தாவிவிட்டாள். பத்துத் தடவையும் இதே கதை. நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளைகள்தான். கடைசியில் மூன்றாவது குரலில் நின்ற பையன், கோயில் வகுப்பில் மிருதங்கம் கற்பவன், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு மற்றவர்களைக் கேட்கவே மாட்டேன் என்று தரையைப் பார்த்தபடி பாடினான். மற்ற மூன்று பேரும் அவன் கையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு விநாடியோ பதினைந்து விநாடியோ அது சரியாக நின்றது. நின்ற அந்த நேரத்தில் நாலு முகத்திலும் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஜயன்டைப் பிடித்தவர்களுக்குப் பிடித்திருப்பது இந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன். உள்ளே நிற்பவருக்கு இருக்கும் இன்பம் வெளியே நிற்பவருக்கு அதே அளவு தெரியாது. வாசிப்பவர்கள், பாடுபவர்கள் மத்தியில் இந்தக் குழுவுக்கு இருக்கும் மரியாதைக்கும், மற்றவர்கள் "இதில் உயிரே இல்லையே" என்று சொல்வதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். இது ஊகம்.

"உயிர் இல்லை" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1972-இல் வந்த 'ஆக்டபஸ்' ஆல்பத்தில் மின்னியர் பாடும் 'திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னெஸ்' என்ற பாட்டைக் கேளுங்கள். பிரிந்துபோன ஒருத்தியிடம், என்னைக் கனிவோடு நினைத்துக்கொள் என்று கேட்கும் பாட்டு. பியானோவும் மெலிந்த ஒரு குரலுமாகத் தொடங்கும். 1974-இல் வந்த 'தி பவர் அண்ட் தி குளோரி'யில் 'ஆஸ்பிரேஷன்ஸ்' என்ற பாட்டும் அப்படித்தான், மிகவும் தணிந்த குரல். மின்னியர் மேடையில் பாடத் தயங்கும் அளவு மென்மையான குரல்காரர், அவர் பாட்டில் ஆடம்பரமே கிடையாது. உங்கள் நண்பர் போட்டுக் காட்டிய மூன்று ஆல்பத்தில் இவை இருந்தனவா என்று தெரியவில்லை. ரசிகர்கள் சிக்கலானதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். நானும் அந்தத் தப்பைப் பல பேரிடம் செய்திருக்கிறேன்.

சரி, வான் டெர் கிராஃப். 1967-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. பெயர் மின்னியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் அந்த வான் டி கிராஃப் எந்திரத்திலிருந்து வந்தது, எழுத்துப் பிழையோடு. பீட்டர் ஹாமில் பாடி, எழுதி, குழுவின் நடுவில் நின்றவர். ஹியூ பேண்டன் ஆர்கன், டேவிட் ஜாக்சன் சாக்ஸஃபோன், கை எவன்ஸ் டிரம்ஸ். இதில் யார் இல்லை என்று பாருங்கள். ராக் குழு என்றால் முன்னால் நிற்க வேண்டிய கிட்டார்க்காரர் இல்லை. ஹாமில் கொஞ்சம் கிட்டார் வாசித்தார், ஆனால் குழுவின் ஓசையைத் தீர்மானித்தது அது கிடையாது. 1970-இல் ஓர் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பேஸ் (கீழ்ச்சுரக் கிட்டார்) வாசித்தவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு பேஸ் பாகத்தைப் பேண்டன் ஆர்கனின் கால் பெடல்களில் வாசித்தார். ஜாக்சன் இரண்டு சாக்ஸஃபோனைக் கழுத்தில் மாட்டி ஒரே நேரத்தில் ஊதுவார், அதையும் மின்கருவிகள் வழியாக விட்டு ஓசையை முறுக்குவார். கிட்டார் செய்ய வேண்டிய வேலையை ஊதுவாத்தியமும் ஆர்கனும் எடுத்துக்கொண்டால் பாட்டு வேறு மாதிரி மூச்சு விடும். ஆர்கன் வாசிப்பவன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன்: காலால் பேஸ் வாசிக்கும்போது விரலால் வாசிப்பதுபோல் துள்ள முடியாது, ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கனத்துத்தான் விழும். அந்தக் குழுவின் பாட்டில் எப்போதும் ஏதோ பெரிய உருவம் பின்னால் நடந்து வருவதுபோல் இருக்கும் உணர்வுக்கு அந்தக் கால்களுக்கும் பங்கு உண்டு. பேண்டன் தன் ஆர்கனைத் தானே பிரித்து மாற்றிக் கட்டியவர். பின்னாளில் ஆர்கன் கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டார்.

ஆனால் சண்டை அதில் இல்லை. சண்டை ஹாமிலின் குரலில் இருக்கிறது. ஒரே வரியில் முணுமுணுப்பில் தொடங்கி, உச்சத்தில் மெல்லிய குரலுக்குப் போய், வரி முடியும்போது அதட்டலாக இறங்குவார். சுதி சுத்தமாக நிற்கும் இடமும் உண்டு, வேண்டுமென்றே உடைக்கும் இடமும் உண்டு. நான் முதலில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது என் அம்மா வழிப் பாட்டி. சுங்கைப்பட்டாணி பக்கம் தோட்டத்தில் இருந்தார். சாவு வீட்டில் அவர் ஒப்பாரி வைக்கும்போது சொல்லின் நடுவில் குரல் முறியும், முறிந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும், அந்த இழுப்பும் பாட்டின் ஒரு பாகம். யாரும் சுதி சேரவில்லை என்று சொன்னதில்லை. ஹாமிலின் பாட்டிலும் அந்த மூச்சு கேட்கும். 1971-இல் வந்த 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பத்தில் 'மேன்-எர்க்' என்ற பாட்டு, தேவாலயத்துக் கீர்த்தனைபோல் பியானோவில் அமைதியாகத் தொடங்கும். தனக்குள் ஒரு கொலைகாரன் குடியிருக்கிறான் என்று அந்த அமைதியான மெட்டிலேயே சொல்வார். தேவதைகளும் உள்ளேதான் இருக்கின்றன என்பார். திடீரென்று சாக்ஸஃபோனும் டிரம்ஸும் கோணலான தாளத்தில் இடித்துக்கொண்டு வரும், குரல் கிழியும். பிறகு பழைய மெட்டு திரும்ப வரும், ஆனால் முன்போல் அமைதியாகக் கேட்காது. உங்களைப் பிடித்தது இந்த இடமாக இருக்கலாம். உங்கள் நண்பர் எழுந்து போனதும் இதே இடமாக இருக்கலாம்.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுதும் ஒரே பாட்டு, 23 நிமிடம். கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன். கண் முன்னால் கப்பல்கள் உடைகின்றன, அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, தனிமையில் புத்தி கலங்குகிறது. நான் அப்போது வாரம் மூன்று நாள் பட்டர்வொர்த்தில் வகுப்பு முடித்துவிட்டு ஃபெரியில் தீவுக்குத் திரும்புவேன். வாக்மேனில் அந்தக் கேசட். பொழுது சாயும் நேரம், மேல்தட்டில் வலப்பக்கம் நின்றால் கோட்டைப் பக்கத்து வெள்ளைக் கலங்கரை விளக்கம் தெரியும், இரும்புச் சட்டமாக, உள்ளே ஆள் இருக்க இடமே இல்லாததுபோல். பாட்டின் நடுவில் ஆர்கன் கப்பல் சங்குபோல் ஊதும் ஓரிடம் உண்டு. ஒரு நாள் அதே நேரத்தில் ஃபெரியும் சங்கு ஊதியது. கேசட்டில் வந்தது எது, கடலில் வந்தது எது என்று காதைத் திறந்து பார்த்தேன். ஃபெரி கரையைத் தொடும்போது பாட்டு முடிந்திருக்காது. வெல்ட் கீ பஸ் நிறுத்தத்தில் நின்று கடைசி மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இரண்டு குழுக்களுமே கேட்பவரிடம் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கின்றன. ஜயன்ட் பிடுங்குவது கால் தட்டும் சுகத்தை. எங்கே தட்டுவது என்று தெரிந்த அடுத்த கணம் இடத்தை மாற்றிவிடுவார்கள். வான் டெர் கிராஃப் பிடுங்குவது பாட்டுக்காரருக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் மரியாதையான தூரத்தை. ஹாமில் நேரே வந்து நம் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். தாளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவர் அந்தத் தூரத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாமல் இருக்கலாம். உங்கள் நண்பர் அப்படி. நீங்கள் நேர்மாறு. இதில் யாருக்கும் காது குறைவு என்று இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். தாள் பார்த்துச் சரசரவென்று வாசிப்பவர்களில் நிறையப் பேருக்கு உணர்ச்சி கொட்டும் பாட்டு கூச்சமாக இருக்கும். பாட்டின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர்களுக்குக் கணக்கு சலிக்கும். எல்லோரும் இப்படிப் பிரிவதில்லை, ஆனால் அடிக்கடி பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், இது சுவாரசியமானது. இங்கிலாந்திலேயே பெரிய அளவில் விற்காத இந்த இரண்டு குழுக்களையும் இத்தாலி தூக்கி வைத்துக் கொண்டாடியது. 'பான் ஹார்ட்ஸ்' அங்கே விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜயன்டுக்கும் அங்கே பெரிய கூட்டம். ஆபராவில் அழுது கத்தும் குரலும், தேவாலயத்தில் நாலு குரல் பின்னும் பாட்டும் அந்த ஊர்க் காதுக்குப் பழக்கம் என்பதால் இருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் இதை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் எனக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் நாம். ஒரு பக்கம் நடை மாறி மாறிப் போகும், இன்னொரு பக்கம் ஒருவர் அருள் வந்து கத்துவார். இரண்டையும் நம் காது ஒரே காலையில் வாங்கிக்கொள்கிறது. அதனால் நம் ஆட்களுக்கு இந்த இரண்டு குழுக்களும் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு குழுக்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஆக்டபஸு'க்குப் பிறகு ஜயன்டிலிருந்து மூத்தவர் ஃபில் விலகினார். அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் முறையாக வெளியாகவே இல்லை, இறக்குமதியாகத்தான் விற்றது. 1977 வாக்கில் பங்க் (எளிய, கோபமான ராக்) அலை வந்ததும் ஜயன்ட் பாட்டை எளிமையாக்கிப் பார்த்தார்கள். அது பழைய ரசிகர்களுக்கும் பிடிக்கவில்லை, புதியவர்களும் வரவில்லை. 1980-இல் கலைத்துவிட்டார்கள், முழுக் குழுவாகத் திரும்பவே இல்லை. ரே ஷுல்மன் 2023-இல் காலமானார். வான் டெர் கிராஃப் 1972-இல் உடைந்து, 1975-இல் சேர்ந்து, 1978-இல் மறுபடி உடைந்து, 2005-இல் மறுபடி சேர்ந்தது. பங்க் ஆட்கள் புரோகிரசிவ் ராக்கையே வெறுத்த காலத்தில், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜான் லைடன் 1977-இல் லண்டன் வானொலியில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டபோது அதில் ஹாமிலின் தனிப்பாட்டுகளும் இருந்தன. அந்தக் குரலில் இருந்த கோபம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஜயன்டுக்கு அப்படி ஒரு வாசல் அப்போது திறக்கவில்லை.

எது உசத்தி என்று விடாமல் கேட்டால், நான் தனியாக இருக்கும்போது எடுப்பது வான் டெர் கிராஃப். வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கும்போது எடுப்பது ஜயன்ட். ஒன்றை எரிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னால் 'பான் ஹார்ட்ஸ்' இசைத்தட்டைத்தான் எடுப்பேன், ஆனால் வாசலில் நின்று 'ஃப்ரீ ஹேண்டு'க்காக அழுவேன்.

உங்களுக்குச் செய்துபார்க்க ஒரு வழி சொல்கிறேன். 'ஆக்டபஸ்', 'பவர் அண்ட் தி குளோரி' இரண்டையும் முழுதாகக் கேட்காதீர்கள். நான் மேலே சொன்ன மின்னியரின் இரண்டு பாட்டை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். அப்புறம் 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்'. முதல் தடவை முதல் குரலை மட்டும் பின்தொடருங்கள், மற்றவை காற்று என்று விட்டுவிடுங்கள். அடுத்த தடவை இரண்டாவது குரல். நாலு குரலுக்கு நாலு தடவை. ஐந்தாம் தடவை எதையும் பின்தொடராமல் கேளுங்கள். உங்கள் நண்பருக்கு 'பான் ஹார்ட்ஸ்' வேண்டாம். 1975-இல் வந்த 'காட்பிளஃப்' கொடுங்கள். நாலே பாட்டு. முதல் பாட்டு புல்லாங்குழலும் ஏறக்குறைய ரகசியம் பேசும் குரலுமாகத் தொடங்கும், கத்தல் வருவதற்குள் அந்த ஆளின் குரல் கொஞ்சம் பழகிவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாட்டில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தால், அதில் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று மட்டும் அவரைக் கேளுங்கள். ஜயன்ட் ரசிகர் அதை எண்ணாமல் இருக்க மாட்டார்.